எர்த் சிமுலேஷனில் சராசரி வோல்டேஜை நம்பாதீர்கள்

எர்த் டிசைனைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, இரண்டு பவுண்டரிக்கு (மாடலில் நாம் குறிக்கும் பரப்புகளுக்கு) நடுவில் எத்தனை வோல்ட் என்று கேட்டால் சாஃப்ட்வேர் ஏதாவது ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அந்த வோல்டேஜ் யார் உடம்பில் ஏறப்போகிறது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். மதுரைப் பக்கம் மில்லுக்கும் பேக்டரிக்கும் எர்த் டிசைன் செய்பவர்கள், இதையே புராஜெக்ட்டாக எடுக்கும் மாணவர்கள் என்று பலருடைய ரிப்போர்ட்டுகள் என் மேசைக்கு வருகின்றன. மண்ணில் புதைக்கும் எர்த் எலக்ட்ரோடு ஒரு பவுண்டரி, தரைப்பரப்பு இன்னொரு பவுண்டரி, இரண்டிலும் சராசரி எடுத்துக் கழித்து, வந்ததை டச் வோல்டேஜ் (தரையில் நின்று உலோகத்தைத் தொடுபவரின் கைக்கும் காலுக்கும் நடுவிலுள்ள வோல்டேஜ்) என்று எழுதிவிடுகிறார்கள். இது ஆபத்தான பழக்கம்.

எலக்ட்ரோடு உலோகம். அதில் எங்கே தொட்டாலும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ்தான், அங்கே சராசரி எடுப்பதில் தப்பில்லை. தரை அப்படியில்லை. கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: அரை மீட்டர் ஆரமுள்ள அரைக்கோள எலக்ட்ரோடு, மண்ணின் ரெசிஸ்டிவிட்டி (கரண்டைத் தடுக்கும் தன்மை) 100 ஓம்-மீட்டர், பால்ட் கரண்ட் (பழுதின்போது மண்ணுக்குள் பாய்வது) 20 ஆம்பியர் என்று வையுங்கள். எலக்ட்ரோடில் 637 வோல்ட் வரும். அதன் விளிம்பிலிருந்து 1 மீட்டர் தள்ளி 212. அங்கே நின்றுகொண்டு, எலக்ட்ரோடோடு இணைந்த கம்பத்தில் கை வைப்பவருக்கு 425 வோல்ட். இதே கணக்கில் 10 மீட்டர் வரையுள்ள தரையைச் சராசரி எடுத்துக் கழித்தால் 576, 20 மீட்டர் வரை எடுத்தால் 606. மண்ணை எவ்வளவு பெரிதாக வரைந்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்றால் அது அளவே இல்லை.

அதிகமாகத்தானே காட்டுகிறது, பாதுகாப்பான பக்கம்தானே என்று சொல்பவர்கள் ஸ்டெப் வோல்டேஜை, அதாவது தரையில் நடப்பவரின் இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள வோல்டேஜைப் பார்க்க வேண்டும். தரையை இடது பாதி, வலது பாதி என்று பிரித்து இரண்டின் சராசரியைக் கழித்தால் பூஜ்யம் வரும். ஆனால் மையத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் ஒரு காலும் இரண்டரை மீட்டரில் ஒரு காலும் வைத்து நடப்பவருக்கு 85 வோல்ட். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி இன்னும் அதிகம், ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் 106 வோல்ட், அந்தக் கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் போகும். மழை நாளில் கம்பத்துக்குப் பக்கத்தில் மாடு செத்துக் கிடப்பதை நம் ஊர்களில் பார்க்கிறோமே, அதில் பல சாவுகளுக்கு இதுதான் காரணம்.

சரி, எப்படி எடுப்பது? எலக்ட்ரோடிலிருந்து தரைமேல் ஒரு கோடு போட்டு, அதன் நெடுக வோல்டேஜை வரைந்து, கை படும் இடத்துக்கும் 1 மீட்டர் தள்ளிக் கால் நிற்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படியுங்கள். ஒரு திசையில் மட்டும் போதாது, எலக்ட்ரோடு கிரிட்டாக (மண்ணில் புதைத்த உலோக வலையாக) இருந்தால் அதன் மூலைகள் பக்கம்தான் பெரும்பாலும் மோசமாக இருக்கும். எலக்ட்ரோடை ஒட்டி வோல்டேஜ் சரசரவென்று இறங்குவதால் அங்கே மெஷ்ஷை (சாஃப்ட்வேர் மாடலைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) பாதி அளவாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள், விடை நகர்ந்தால் இன்னும் நம்பக்கூடாது. 20 ஆம்பியர் ஆர்எம்எஸ் (ஏசியின் பயனுறு மதிப்பு) கொடுத்தால் வருவதும் ஆர்எம்எஸ், பீக் (உச்ச மதிப்பு) கொடுத்தால் பீக். ரிப்போர்ட்டில் எது என்று எழுதிவிடுங்கள்.

இதே ஆட்கள் பஸ்பாருக்கு (பெரிய கரண்டைக் கொண்டுசெல்லும் உலோகப் பட்டைக்கு) போகும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. ஏசியில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டு முனைக்கு நடுவிலுள்ள வோல்டேஜ் எந்த வழியாக அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 100-க்கு 10 மில்லிமீட்டர் செம்புப் பட்டையில் 1000 ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டருக்கு ரெசிஸ்டன்ஸால் இறங்குவது சுமார் 17 மில்லிவோல்ட். வோல்ட்மீட்டரின் வயரைப் பட்டையிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிக் கொண்டுபோவதற்கும் 30 சென்டிமீட்டர் தள்ளிக் கொண்டுபோவதற்கும் 50 ஹெர்ட்ஸில் வரும் வித்தியாசம் மட்டுமே சுமார் 69 மில்லிவோல்ட்! அதனால் மின்புலத்தை எந்தக் கோட்டின் வழியே இன்டக்ரேட் செய்தீர்கள் என்று படம் போட்டுக் காட்டாத ஏசி வோல்டேஜ் எண்ணை நான் ஏற்பதில்லை.

அப்புறம் மண். மேலே சொன்ன 100 ஓம்-மீட்டர் கணக்குக்கு எளிதாக எடுத்தது, அதை அப்படியே டிசைனில் போடாதீர்கள். யானைமலை, நாகமலைப் பக்கமெல்லாம் மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை, ஒரே அடுக்கு மண் என்று வைத்து ஓட்டினால் விடை எங்கேயோ போய்விடும். நான்கு ராடு அடித்து அளக்கும் வென்னர் முறையில், ராடுகளின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் அளந்தால் அடுக்குகள் தெரியும். சித்திரை வெயிலில் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை அளந்து, இரண்டையும் தனித்தனியாக ஓட்டுங்கள்.