மேமோகிராம் ஏன் மங்குகிறது?

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. அதில் ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய் பல நேரம் 0.1 முதல் 0.5 மி.மீ. அளவுள்ள சுண்ணத் துகள்களாகத்தான் தலைகாட்டும். கட்டியாக இருந்தாலும், அதற்கும் சுற்றியுள்ள சுரப்பித் திசுவுக்கும் எக்ஸ்ரேயை உறிஞ்சுவதில் சொற்ப வித்தியாசமே உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேக்கு வைக்கும் 100 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் அந்த வித்தியாசம் அடிபட்டுப் போகும். அதனால்தான் மேமோகிராமுக்கு 25 முதல் 35 கிலோவோல்ட்.

இந்தக் குறைந்த மின்னழுத்தத்தில் வரும் மென்மையான கதிர் திசுவைத் தாண்டி வரத் திணறும். ஆகவே எக்ஸ்போஷர், அதாவது கதிர் பாயும் நேரம், நீளும். அடர்த்தியான மார்பகமென்றால் ஒரு விநாடியைத் தாண்டலாம். அதற்குள் ஒரு மூச்சு அசைவு போதும், படத்தில் துகள்கள் மங்கி மறைந்துவிடும்.

பலரும் பயப்படுகிற அழுத்தத் தகட்டின் வேலை இங்கேதான். மார்பகத்தை அசையாமல் பிடிப்பதோடு, தடிமனைக் குறைத்துச் சிதறும் கதிரையும் தேவைப்படும் கதிரளவையும் குறைக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்களைப் பரப்புகிறது. பொதுவாக 100 முதல் 200 நியூட்டன் விசை. எண்ணைவிடத் தோலைப் பார்ப்பது மேல்: விரலால் தொட்டால் விறைப்பாக இருக்க வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் தடிமன் பெரிதாகக் குறையாது, வலிதான் கூடும்.

மங்கல் அதிகம் ஒளிந்திருக்கும் இடம், கருவியைச் சாய்த்து வைத்து எடுக்கும் சாய்வுப் படத்தின் கீழ்ப்பகுதி. மேலே அக்குளும் மார்புத் தசையும் தடித்திருப்பதால் தகட்டின் விசையை அவையே வாங்கிக்கொள்ளும். கீழ்மடிப்பருகே பிடி தளர்ந்துவிடும். கருவியின் சாய்வைத் தசையின் சாய்வோடு பொருத்த வேண்டும், பெரும்பாலும் 40 முதல் 60 டிகிரி. மார்பகத்தை மேல்நோக்கியும் வெளிநோக்கியும் தூக்கி, தகடு வந்து பிடிக்கும்வரை கையை எடுக்கக் கூடாது. அவசரத்தில் கையை முன்னதாக உருவிவிடுவதுதான் வழக்கமான தப்பு.

திசு விடுபட்டதா என்பதற்கு ஒரு அளவு உண்டு. சாய்வுப் படத்தில் காம்பிலிருந்து மார்புத் தசைக்குச் செங்குத்தாகக் கோடு இழுத்து அளக்க வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் காம்பிலிருந்து பின்பக்கம் வரையுள்ள நீளம் அதைவிட 1 செ.மீ.க்கு மேல் குறைந்தால், பின்பக்கத் திசு படத்துக்குள் வரவில்லை.

டியோடரண்ட், பவுடர் பூசாமல் வரச் சொல்வதும் காரணத்தோடுதான். அவற்றிலுள்ள அலுமினியமும் டால்க்கும் அக்குள் பக்கம் சுண்ணத் துகள்களைப் போலவே விழும்.

படம் எடுக்கும் அறையின் திரை, மருத்துவர் பார்க்கும் 5 மெகாபிக்சல் திரை அளவுக்குத் துல்லியமாக இருப்பதில்லை. சுருக்கிய படத்தில் மங்கல் தெரியாது. கீழ்ப்பகுதியை முழு அளவுக்குப் பெரிதாக்கி, நார்க்கோடுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே படம் எடுத்துக்கொண்டவரை உடை மாற்ற அனுப்ப வேண்டும்.