வெள்ளணுக்கள் இல்லாத நுரையீரலில் பூஞ்சையைத் தேடுவது

ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். 2 முதல் 3 மைக்ரோமீட்டரே இருப்பதால் காற்றறைகள் வரை போய்விடும். அங்கே மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கிவிடும். தப்பி முளைத்தவற்றை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கொல்லும். கீமோதெரபியால் நியூட்ரோஃபில்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே சரிந்து, பத்து நாளுக்கு மேல் அப்படியே நீடித்தால், முளைத்த வித்து இழையாக நீண்டு ரத்தக்குழாயைத் துளைக்க வாய்ப்புண்டு.

சளி, சீழ், எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் திட்டு எல்லாம் பெரும்பாலும் உடல் போரிடுவதன் அடையாளங்கள். போரிட ஆளில்லாத உடலில், ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சல் மட்டுமே இருக்கலாம். அதனால் மருத்துவர்கள் பூஞ்சையே விட்டுச்செல்லும் தடயங்களைத் தேடுகிறார்கள்.

முதல் தடயம் சி.டி. ஸ்கேனில். ஒரு கட்டி, அதைச் சுற்றி மங்கலான வளையம். அந்த வளையம், துளைபட்ட குழாயிலிருந்து கசிந்த ரத்தம். சில நாட்களிலேயே அது மறையத் தொடங்கும் என்பதால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. கட்டிக்குள் பிறை வடிவில் காற்று தெரிவது இன்னொரு அடையாளம். ஆனால் அது வெள்ளணுக்கள் திரும்பி வரும்போதுதான் தோன்றும். அதற்காகக் காத்திருக்க முடியாது.

அடுத்தது கேலக்டோமன்னன். ஆஸ்பர்ஜில்லஸ் வளரும்போது அதன் செல்சுவரிலிருந்து உதிரும் சர்க்கரைச் சங்கிலி இது. ரத்தத்திலும், பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்துவது) மூலம் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலும் இதை அளக்கலாம். நியூட்ரோஃபில்கள் இருக்கும் நோயாளிக்கு, உதாரணமாக ஸ்டீராய்டு எடுப்பவருக்கு, ரத்தத்தைவிட அந்த நீரே நம்பகமானது. பூஞ்சைத் தடுப்பு மருந்தை முன்கூட்டியே எடுப்பவரிடமும் ரத்தப் பரிசோதனை நோயைத் தவறவிடக்கூடும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கறுப்புப் பூஞ்சை என்று நாம் அறிந்த ம்யூகர் வகைகள் கேலக்டோமன்னனை வெளியிடுவதில்லை. பல பூஞ்சைகளைக் காட்டிக்கொடுக்கும் பீட்டா-டி-குளுகன் பரிசோதனையும் இங்கே உதவாது. இரண்டும் நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதி அடையாமல், ம்யூகரா என்று சந்தேகிக்க வேண்டும். பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை கைகொடுக்கலாம். மருந்தே மாறுவதால் இது முக்கியம்: ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் தேர்வுகளில் ஒன்றான வோரிகோனசோல், ம்யூகரை ஒன்றும் செய்யாது, அதற்கு ஆம்ஃபோடெரிசின் பி வேண்டும்.

உறுதியான விடை திசுவில்தான். நுண்ணோக்கியில் இழைகள் மெலிந்து, குறுக்குச் சுவர்களோடு, குறுங்கோணத்தில் கிளைத்தால் ஆஸ்பர்ஜில்லஸாக இருக்கலாம்; ரிப்பன் போல அகன்று, சுவர்கள் அரிதாக இருந்தால் ம்யூகர். ஆனால் பிளேட்லெட் குறைந்தவரின் நுரையீரலில் ஊசி செலுத்தினால் ரத்தக்கசிவு அபாயம். அதனால் பலருக்கு ‘உறுதி’ என்ற நிலைக்குப் போகாமல், ‘அநேகமாக இதுதான்’ என்ற நிலையிலேயே மருந்து தொடங்குகிறது.