டாஸ்மாக் கடை எங்கே இருக்கலாம், எத்தனை பாட்டில் வாங்கலாம்? விதிகள் சொல்வது

டாஸ்மாக் கடையில் ஒருவர் ஒரு குவாட்டர் வாங்குகிறார். அந்த விற்பனை நடப்பது எந்தச் சட்டத்தின் கீழ் என்றால், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. எழுத்துப் பிழை இல்லை, மதுவிலக்குச் சட்டமேதான். மதுவைக் காய்ச்சுவது, வைத்திருப்பது, கொண்டுபோவது, விற்பது, வாங்குவது, குடிப்பது எல்லாமே குற்றம் என்றுதான் அந்தச் சட்டம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு விலக்குகள் வருகின்றன. இன்னார் விற்கலாம், இந்த இடத்தில் விற்கலாம், இத்தனை மணி வரை விற்கலாம், இவ்வளவு வரை வைத்திருக்கலாம். நாம் பார்க்கும் கடை, பார், கிளப், நட்சத்திர ஓட்டல் எல்லாம் அந்த விலக்குகளுக்குள் இருப்பவை. இதைப் பொறுப்பேற்றிருக்கும் துறையின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான். ஒரே பெயர்ப்பலகையில் தடையும் வசூலும்.

இந்த முரண் எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. சாராய வருமானம் போய்விட்டால் கஜானாவை எதைக்கொண்டு நிரப்புவது? அதற்காக 1939-இல் வந்ததுதான் பொது விற்பனை வரி. 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுக்க விரிந்தது. 1971-இல் கருணாநிதி அரசு அதை நிறுத்திவைத்தது, சில ஆண்டுகளிலேயே மறுபடியும் கடைகளை மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983-இல் மொத்த விற்பனைக்கென்று தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், உருவானது. 1987 தொடக்கத்தோடு கள்ளும் சாராயமும் போயின. சில்லறைக் கடைகளை மட்டும் தனியார்தான் ஏலம் எடுத்து நடத்திவந்தார்கள். 2003 நவம்பர் 29 முதல் அதையும் அரசே எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் பாட்டிலைச் சில்லறையில் விற்கும் உரிமை ஒரே ஒரு நிறுவனத்துக்கு.

அரசு இதை ஏன் விடுவதில்லை என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். 2003-04-இல் மது வழியாக அரசுக்கு வந்தது சுமார் 3,640 கோடி ரூபாய். 2023-24-இல் சுமார் 45,856 கோடி. மனிதர் குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. மாநிலம் டெல்லியைக் கேட்காமல் தானே வரி விகிதத்தை ஏற்றிக்கொள்ளக்கூடிய பொருள்கள் இன்று மிகச் சில, அவற்றில் இது ஒன்று. ஆயத்தீர்வை ஒரு பக்கம், மதிப்புக் கூட்டு வரி ஒரு பக்கம். சாராய வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி கொண்டுவந்த விற்பனை வரியின் வாரிசு இன்று சாராயத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

சரி, கடை எங்கே இருக்கலாம்?

2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள் இதற்குப் பதில் சொல்கின்றன. வழிபாட்டு இடத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பலர் நினைப்பதைவிட இது மிகக் குறைந்த தூரம். நகரத்தில் 50 மீட்டர் என்றால் நாலைந்து வீடு தாண்டினால் முடிந்தது. அதிலும் ஒரு ஓட்டை உண்டு. நகரத் திட்டத்தில் ‘வணிகப் பகுதி’ அல்லது ‘தொழிற்பகுதி’ என்று குறித்த இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடே பொருந்தாது. ஆகவே கோயில் வாசலுக்கு எதிரே கடை இருக்கிறது என்று மனு எழுதுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடம் எந்த வகைப்பாட்டில் வருகிறது என்பதை. அதைப் பார்க்காமல் டேப்பை எடுத்து அளந்து பிரயோசனமில்லை. மருத்துவமனை, பேருந்து நிலையம், குடியிருப்பு ஆகியவை இந்தத் தூர விதியில் இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. ‘எங்கள் தெருவில் வேண்டாம்’ என்பது நியாயமான கோரிக்கை, ஆனால் விதியைக் காட்டி மட்டும் வெல்ல முடியாத கோரிக்கை. கலெக்டரிடம் மனு, கிராம சபைத் தீர்மானம், உயர் நீதிமன்றம் என்று அது வேறு வழியில் போகிறது.

அந்த வழி எவ்வளவு நீளம் என்பதற்குச் சசிபெருமாள் ஒருவரைச் சொன்னால் போதும். 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், அங்கிருந்த ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது அந்தக் காந்தியவாதி இறந்தார். மதுவிலக்கு முதலில் தொடங்கிய சேலம் மாவட்டத்துக்காரர்.

கடைகளின் இருப்பிடத்தை உண்மையில் புரட்டிப்போட்டது தூர விதி அல்ல, சாலை வழக்கு. நெடுஞ்சாலை விபத்துகளைக் காரணம் காட்டி, ‘தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு’ வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேர் வரை மட்டுமே வாழும் ஊர்களுக்கு மட்டும் அதை 220 மீட்டராகக் குறைத்தது. மறுநாள் தமிழ்நாட்டில் 3,300-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

மூடிய கடை அப்படியே மறைந்துவிடவில்லை. சாலையை விட்டு உள்ளே தள்ளிப் போனது. உள்ளே என்றால் என்ன இருக்கும்? ஊர் இருக்கும், தோட்டம் இருக்கும், பெண்கள் தண்ணீருக்குப் போகும் பாதை இருக்கும். அதனால்தான் அந்தக் கோடையில் மாவட்டத்துக்கு மாவட்டம் பெண்கள் முன்னால் நின்று கடைகளை மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியலில் இருந்த ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி அறைந்தது நாடு முழுக்கச் செய்தியானது. விபத்தைக் குறைக்க வந்த உத்தரவு, கடையைக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், நகராட்சிக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகள் என்று பெயர் மாற்றிவிடும் வேலையும் பல மாநிலங்களில் நடந்தது, இங்கேயும் முயன்றார்கள். கடையை நகர்த்துவதைவிடச் சாலையின் பெயரை நகர்த்துவது சுலபம் இல்லையா! கடைசியில் 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமம் பெற்ற இடங்களை அந்த உத்தரவு தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. கிராமத்துச் சாலைக்கு ஒரு நியாயம், நகரத்துச் சாலைக்கு ஒரு நியாயம் என்றுதான் அது முடிந்தது.

கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது தனிக் கதை, அது அரசு அறிவிப்பாக வரும். 2016 மே மாதம் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா 500 கடைகளை மூட உத்தரவிட்டார். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. 2023 ஜூனில் ஸ்டாலின் அரசு 500 மூடியபோது 5,329 என்று இருந்தது 4,829 ஆனது. ஒவ்வொரு முறையும் எண் 500 ஆகவே இருப்பது ஏனோ.

நேரம். 2016-இல் ஜெயலலிதா 500 கடைகளை மூடிய அதே உத்தரவோடு வந்ததுதான் இப்போதைய நேரமும்: பகல் 12 முதல் இரவு 10 வரை. அதற்கு முன் காலை 10 மணிக்கே திறந்தார்கள். ஆண்டுக்கு 8 நாள் கடை கிடையாது. குடியரசு தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாளான தைப்பூசம், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மீலாது நபி, காந்தி ஜெயந்தி. தேர்தல் வந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135சி பிரிவுப்படி வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் அடைப்பு. அந்த நாள்களில் பார், கிளப், நட்சத்திர ஓட்டல் எதுவும் விதிவிலக்கு இல்லை.

வயது 21. அதற்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது. ஆனால் பல கடைகளில் கவுன்டர் என்பது கம்பி போட்ட ஒரு சின்னச் சந்து. பணத்தோடு கை உள்ளே போகும், பாட்டிலோடு வெளியே வரும். முகமே சரியாகத் தெரியாத இடத்தில் வயதை எப்படிப் பார்ப்பது என்று விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி, ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது. பலருக்கு இப்படி ஓர் அளவு இருப்பதே தெரியாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒருவர் கையில் இருக்கக்கூடியது: பிராந்தி, விஸ்கி, ரம் போன்ற இந்தியத் தயாரிப்பு மது 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். பாட்டில் கணக்கில் சொன்னால் ஃபுல் (750 மி.லி.) என்றால் 6, குவாட்டர் (180 மி.லி.) என்றால் 25, பீர் (650 மி.லி.) 12, ஒயின் (750 மி.லி.) 12. மறுநாள் கடை அடைப்பு என்றால் பையோடு வருகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, இந்த அளவு வைத்திருப்பதற்குத்தான், விற்பதற்கு அல்ல. 25 குவாட்டருக்குள் இருந்தாலும் அதில் ஒன்றை இருபது ரூபாய் கூட வைத்து விற்றால் அது குற்றம். கொங்குப் பக்கம் ‘சந்துக்கடை’ என்று சொல்வது இதைத்தான். விடியற்காலையிலும் காந்தி ஜெயந்தியிலும் சரக்கு கிடைக்கிறது என்றால் அது சட்டப்படியான கடையில் இல்லை.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் விலை குறைவு என்பது ஊரறிந்தது, அங்கே வரி வேறு. அங்கிருந்து கொண்டுவரும் பாட்டில் தமிழ்நாட்டு வரி கட்டாத சரக்கு, சோதனைச் சாவடிகள் அதைத் தேடித்தான் நிற்கின்றன. அளவுக்குள்தானே என்று சாலையில் நின்று வாதாடினால் வண்டி அவ்வளவு சீக்கிரம் நகராது.

குடிப்பது எங்கே? பொது இடத்தில் போதையில் இருப்பதே மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கடையோடு ஒட்டி ஒரு பார் இருந்தால் அதை டாஸ்மாக் நடத்துகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. அது டெண்டர் எடுத்த தனியாருடையது. டெண்டரில் அவருக்குக் கிடைக்கும் உரிமை என்ன தெரியுமா? தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் சேகரிப்பதும். மது விற்கும் உரிமை அவருக்குக் கிடையாது. கடையில் வாங்கியதைக் கொண்டுபோய் அங்கே உட்கார்ந்து குடிக்கலாம், சுண்டலுக்கும் தண்ணீருக்கும் காசு கொடுக்கலாம், அவ்வளவுதான். பார்காரரே பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தால் அது விதிக்கு வெளியே. வீட்டுக்குத் திரும்பும்போது வண்டி ஓட்டினால் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் என்பது எல்லை. தாண்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

டாஸ்மாக்குக்கு வெளியேயும் வழிகள் உண்டு. உறுப்பினர் கிளப்புகளுக்கு எஃப்.எல்.2 உரிமம், நட்சத்திர ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3. முன்னாள் படைவீரர்களுக்கு ராணுவ கேன்டீன். உள்ளே நடந்துபோய் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் டாஸ்மாக்கின் எலைட் கடை, வெளிநாட்டுச் சரக்கும் அங்கேதான். வீட்டுக்கு டெலிவரி கிடையாது. 2020 மே மாதம் ஊரடங்குக்கு நடுவே அந்தப் பேச்சு வந்தது. மே 7 அன்று கடைகளைத் திறந்தார்கள், வயது வாரியாக நேரம் பிரித்து 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் முதலில் வரலாம் என்றார்கள். மறுநாளே, விற்பதானால் ஆன்லைனில் விற்றுக்கொள்ளுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டதும், கிழமைக்கு ஒரு நிறத்தில் டோக்கன், கடைக்கு நாளொன்றுக்கு 500 டோக்கன் என்று மே 16 முதல் கடைகள் மறுபடியும் திறந்தன. டெலிவரி பேச்சு அதோடு போனது.

விதி எவ்வளவு சத்தமில்லாமல் மாறக்கூடும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2023-இல் அரசிதழில் ஒரு திருத்தம் வந்தது. மாநாட்டு அரங்கம், விளையாட்டு அரங்கம், கல்யாண மண்டபம் ஆகியவற்றில் சிறப்பு உரிமம் வாங்கி மது பரிமாறலாம் என்றது. மார்ச்சில் வெளியானதை ஏப்ரலில்தான் ஊர் கவனித்தது. கல்யாண மண்டபம் என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டணிக் கட்சிகளே கொதித்தன. சில நாள்களில் மண்டபம் நீக்கப்பட்டு, தேசிய, சர்வதேச மாநாடுகளும் விளையாட்டுப் போட்டிகளும் மட்டும் மிஞ்சின.

கள் மட்டும் இன்றுவரை எந்த விலக்கிலும் இல்லை. கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு, பனைமரம் மாநில மரமாக இருக்கும் தமிழ்நாட்டில் கள் இறக்கினால் வழக்கு. பனை, தென்னை விவசாயிகள் இதை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்கள் கேள்விக்கு நேரான பதில் எந்த அரசிடமிருந்தும் வரவில்லை. கள்ளச்சாராயத்துக்கோ தண்டனை கூடியிருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்த பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். உயிர் போனால் ஆயுள் தண்டனையும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதமும். தகவல் சொல்ல 10581 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

விலையை நிர்ணயிப்பது அரசு. பாட்டிலில் அச்சிட்ட எம்.ஆர்.பி.தான் கொடுக்க வேண்டிய தொகை, அதற்கு மேல் ‘சில்லறை இல்லை’, ‘கூலிங் சார்ஜ்’ என்று எதற்கும் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கூடுதல் மட்டும் சட்டப்படியானது, பாட்டிலுக்கு 10 ரூபாய் வைப்புத்தொகை. காட்டில் வீசிய கண்ணாடித் துண்டுகள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022-இல் நீலகிரியில் தொடங்கி, பிறகு பல மாவட்டங்களுக்கு விரிந்த ஏற்பாடு அது. காலி பாட்டிலை ஸ்டிக்கரைக் கிழிக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் கைக்கு வந்துவிடும்.