பளபளப்பை விலக்கும் கண்ணாடி

இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பவர்கள் ஒரு காலத்தில் லென்ஸின் முன்னே மாட்டும் ஃபில்டர்களைப் பை நிறையச் சுமந்தார்கள். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு, அவற்றில் பலவற்றின் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. பளபளப்பை வெட்டும் ஃபில்டரான போலரைசர் மட்டும் இன்னும் பையைவிட்டு இறங்கவில்லை. அது செய்யும் வேலை, படம் பதிவாகும் முன்பே நடந்தாக வேண்டிய வேலை.

சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியலை, தான் செல்லும் திசைக்குக் குறுக்காக எல்லாப் பக்கமும் அதிர்கிறது. அதே ஒளி நீரில் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது, நீர்ப்பரப்புக்கு இணையான அதிர்வே மிஞ்சி நிற்கிறது. இதுதான் தளவிளைவு. 1808-ல் பாரிஸின் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் தெறித்த வெயிலை, ஒன்றை இரண்டாகக் காட்டும் கால்சைட் படிகத்தின் வழியே பார்த்த பிரெஞ்சு இயற்பியலாளர் மாலுஸ், படிகத்தைத் திருப்பும்போது பிம்பங்களின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது இந்த விளைவு உச்சத்தில் இருக்கும்.

போலரைசரில் இருப்பது இழுத்து நீட்டப்பட்ட பிளாஸ்டிக் படலம். அதில் அயோடின் ஏறிய நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுத்து, தம் நீளவாக்கில் அதிரும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. லென்ஸின் முன்னே இந்தப் படலம் பொருத்திய வளையத்தை மெல்லத் திருப்பினால், ஓடைமேல் படர்ந்திருந்த வெண்மை விலகி, அடியில் கிடக்கும் கூழாங்கற்களின் வரிகள்கூடத் தெரியவரும்.

வானத்தை அடர்நீலமாக்கவே பலர் இதை வாங்குகிறார்கள். இதன் உண்மையான அருமை மழையில் நனைந்த காட்டில்தான் தெரியும் என்பேன். ஈர இலை ஒவ்வொன்றும் வெளிறிய வானத்தைப் பிரதிபலித்துத் தன் பச்சையை இழந்து நிற்கும். அந்த மினுக்கத்தை வெட்டியதும் காடு முழுவதும் நிறம் ஊறி வரும். கணினியில் நிறத்தைக் கூட்டலாம்; ஆனால் மினுக்கம் முழுதாக மூடிய இடத்தில் இலையின் நரம்பு பதிவாகவே இல்லையே, எதைக் கூட்டுவது?

வானத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் திசைகளில்தான் வானம் மிகவும் அடர்கிறது. அகலக்கோண லென்ஸ் அந்தப் பட்டையையும் அதற்கு வெளியே உள்ள வானத்தையும் சேர்த்துப் பிடிப்பதால், நடுவில் கருநீலத் திட்டு விழுந்து படம் கெட்டுவிடும். அப்போது வளையத்தைப் பாதியில் நிறுத்துவதே நல்லது. வானவில்லின் ஒளியும் தளவிளைவு கொண்டதுதான். வளையம் ஒரு நிலையில் வில்லின் ஒரு பகுதியை அழித்துவிடும், இன்னொரு நிலையில் அதையே துலங்க வைக்கும். உலோகத்தின் பளபளப்பிடம் மட்டும் இதன் வித்தை அவ்வளவாகச் செல்லாது.

இத்தனைக்கும் ஒரு விலை உண்டு. உள்ளே வரும் ஒளி பாதியாகவோ கால் பங்காகவோ குறைந்துவிடும். படமெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருண்ட காட்டுக்குள் கேமராவை அசையாமல் தாங்கும் முக்காலியையும் சேர்த்துத் தூக்கிச் செல்வது அதனால்தான்.