பலகாரச் சட்டியைத் தரையில் வைக்காதீர்கள்

நவராத்திரிக் கொலுவில் ஆரம்பித்து தீபாவளி முடிந்து கார்த்திகை தீபம் வருகிற வரைக்கும் வடசென்னை வீடுகளில் ஏதாவது ஒன்றைக் கையால் செய்துகொண்டேதான் இருப்பார்கள். பழைய கொலு பொம்மைக்கு வண்ணம் அடிப்பது, கலர் பேப்பரில் தோரணம் வெட்டுவது, முறுக்கு, அதிரசம், சோமாஸ், கடைசியில் கார்த்திகைக்குப் பொரி உருண்டை. தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஐப்பசி மழையோடு எண்ணெய் காயும் வாசனையும் வரும். இந்தப் பகுதியில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்க்கிறவள் என்ற முறையில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வீட்டில் செய்வதை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளை ஒதுக்கியும் வைக்காதீர்கள், ஆனால் சூடான வேலையையும் சூடில்லாத வேலையையும் ஒரே இடத்தில் வைத்துச் செய்யாதீர்கள்.

மற்ற நாட்களில் அடுப்பு மேடையில்தான் இருக்கிறது. பலகாரம் சுடும் நாளில் மட்டும் அது கீழே இறங்கிவிடுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாலைந்து கிலோ மாவைச் சுட்டு எடுக்க அரை நாள் ஆகும், பாட்டியால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது, பெரிய இரும்புச் சட்டி மேடையில் இருக்கிற ஸ்டவ்வில் சரியாக உட்காராது, ஒருத்தர் பிழிய ஒருத்தர் எடுக்க ஒருத்தர் அடுக்க என்று வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே சுட்டால்தான் வேலையும் ஓடும். ஹவுசிங் போர்டு வீடுகளிலும் ஒரே அறை கொண்ட லைன் வீடுகளிலும் சமையலறை, கூடம், படுக்கும் இடம் எல்லாம் ஒன்று. அந்த வட்டத்துக்குள்தான் ஒன்றரை வயதுப் பிள்ளையும் சுற்றி வருகிறது.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரைதான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய வயது. நடக்கத் தெரியும், சட்டென்று நிற்கத் தெரியாது, எது சுடும் என்றும் தெரியாது. முறுக்கு வேகிற எண்ணெய் சுமார் 170, 180 டிகிரி செல்சியஸில் இருக்கும். கொதிக்கிற தண்ணீரே 100 டிகிரிதான். போதாததற்கு எண்ணெய் தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதிரசத்துக்கும் பொரி உருண்டைக்கும் காய்ச்சுகிற வெல்லப்பாகு அதைவிட மோசமாக ஒட்டும். குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. பெரியவர்களுக்குக் கொப்புளத்தோடு போகிற அதே எண்ணெய் குழந்தைக்குத் தோலின் அடி வரைக்கும் இறங்கிவிடும்.

இதில் பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு நேரம் இருக்கிறது. சுடும்போது எல்லோர் கண்ணும் சட்டி மேல் இருக்கும், பிள்ளை நகர்ந்தால் நாலு பேர் ஒரே சமயத்தில் கத்துவார்கள். வேலை முடிந்து, அடுப்பை அணைத்து, சட்டியை இறக்கி, ஆறட்டும் என்று சுவர் ஓரமாகவோ கட்டிலுக்கு அடியிலோ தள்ளி வைத்துவிட்டு, மேலே ஒரு தட்டையோ பேப்பரையோ போட்டு மூடிவிட்டு, எல்லோரும் டீ குடிக்க எழுந்து போகிறார்களே, அந்த நேரம்தான் ஆபத்து. சத்தமில்லை, புகையில்லை, தீயில்லை. பார்த்தால் சாதாரணப் பாத்திரம். ஆனால் இரும்புச் சட்டி நிறைய இருக்கிற எண்ணெய் அரை மணி நேரம் கழித்தும் தோலை வேகவைக்கிற சூட்டில் இருக்கும். பிள்ளை அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறது, அல்லது பின்பக்கமாக நகர்ந்து அதன் மேல் உட்காருகிறது. என்னிடம் வருகிற கை, தொடை, புட்டத்துக் காயங்களில் பல இப்படி நடந்தவை.

மேடையில் வைத்துச் சுடுங்கள் என்று சொன்னால், "நின்னுக்கினே எப்படி டாக்டரம்மா சுடறது, கால் கடுக்குதே" என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. நான் அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: "சரிம்மா, உட்கார்ந்தே சுடுங்க, ஆனா எண்ணெய் ஆறுற வரைக்கும் பிள்ளை இந்த வீட்டுல இருக்க வேண்டாம்." நம் தெருக்களில் இது முடியாத காரியம் இல்லை. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டில் சுடுங்கள், பிள்ளைகள் எல்லாம் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவரோடு இருக்கட்டும், அவருக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் வேலை. அதற்கும் வழியில்லை என்றால் பிள்ளை தூங்கின பிறகு ராத்திரியில் சுடுங்கள். பயல் நம்ம கண்ணெதிரேதான் விளையாடுகிறான் என்பது பாதுகாப்பே ஆகாது. கை பிசுக்காக இருக்கும், மடியில் தட்டு இருக்கும், எழுந்து போய்ப் பிடிப்பதற்குள் முடிந்துவிடும்.

தரையில் ஸ்டவ் வைக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படியும், நீங்களும் அடுப்பும் அங்கேதான் இருக்கிறீர்கள். மழை என்று ஜன்னலை வேறு சாத்தியிருப்போம். சிலிண்டரைவிட ஸ்டவ் உயரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது சும்மா இல்லை. வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள். எண்ணெயே தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டுப் பெரிய மூடியால் மூடுங்கள், அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடாதீர்கள்.

ஈரம் காய்ந்த எண்ணெயில் பட்டாலே தெறிக்கும், அதனால் தட்டைப் பலகாரத்தில் போடுகிற ஊறின கடலைப்பருப்பைத் தண்ணீர் வடியவிட்டுத் துணியில் ஒற்றி எடுத்த பிறகு மாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீடை வெடிப்பதும் இதே கதைதான். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் வெடிக்கிறது, அதனால் மாவைச் சலித்து, அழுத்தமில்லாமல் உருட்டி, துணியில் உலர்த்தி, ஊசியால் குத்திப் போடுங்கள். முகத்தில், கண்ணில் எண்ணெய் தெறித்து வருகிற அம்மாக்களில் நிறைய பேருக்கு இந்த வெடிப்புதான் காரணம். நைலான் புடவையும் நைட்டியும் வேண்டாம், அன்றைக்கு பருத்தியே கட்டுங்கள். செயற்கைத் துணி உருகித் தோலோடு ஒட்டும்.

அப்புறம் பிள்ளைகளுக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது, எல்லாமே சூடில்லாதது. சீடை உருட்டுவது, சோமாஸ் ஓரத்தை மடிப்பது, ஆறின முறுக்கை எண்ணி டப்பாவில் அடுக்குவது, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. கொசப்பேட்டையில் பொம்மை செய்கிறவர்களிடம் கொஞ்சம் களிமண் கேட்டு வாங்கி வந்து அகல் விளக்கு பிடிக்கச் சொல்லுங்கள், மழை நாளில் ஒரு மதியம் முழுக்கப் போன் கேட்க மாட்டார்கள். ஐந்து வயதில் பென்சில் பிடிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். விரல் நுனியால் கிள்ளி, உருட்டி, மடித்துச் செய்கிற இந்த வேலைகள்தான் அந்த விரல்களுக்கு வேண்டிய பயிற்சி. இதற்காகவே நான் வீட்டுப் பலகாரத்துக்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கைவேலையிலும் சில சின்னப் பொருட்களை மட்டும் எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப வையுங்கள். முதலில் பட்டன் பேட்டரி. கொலுப் படியில் வைக்கிற மினுக்கு விளக்கு, பேட்டரி அகல் பலவற்றில் இருக்கிறது. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்சதையை அரித்துவிடும். வாய் ஓயாமல் எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, காரணமில்லாத இருமல் இருந்து, வீட்டில் ஒரு பேட்டரியும் காணவில்லை என்றால் சந்தேகமே போதும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்க முடிகிறது என்றால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன், மொத்தம் ஆறு முறை வரை கொடுக்கலாம். அது அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், பேட்டரியை வெளியே எடுக்காது. தேன் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆவணியில் பிள்ளையாருக்குக் கண் வைத்த குண்டுமணி மிச்சம் பூஜை அலமாரியில் கிடக்கும். அதை முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும், கடித்து மென்றால் கொடிய விஷம், வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதனால் பிள்ளை நன்றாக விளையாடுகிறது என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. பொம்மைக்கு வண்ணம் அடிக்க வாங்கின தின்னர், டர்பன்டைனை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். குடித்துவிட்டால் அதற்கும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். உடனடியாக ஒட்டுகிற பசை பருத்தித் துணியில் நிறையக் கொட்டினால் தானாகச் சூடாகித் தோலைச் சுட்டுவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் காயம் பட்டுவிட்டால், முதல் 20 நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது. பட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். குழாயில் தண்ணீர் வராத நேரமாக இருந்தால் டிரம்மிலிருந்து மக்கு மக்காக ஊற்றுங்கள். தண்ணீர் பட்டால் கொப்புளம் வரும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கொப்புளத்தைக் கொண்டுவருவது சூடு, தண்ணீர் இல்லை. எண்ணெய்க் காயத்தில் தண்ணீர் ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். எரிகிற சட்டியில்தான் கூடாது, தோலில் ஊற்றத்தான் வேண்டும். உடனே செய்யாமல் விட்டாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். தண்ணீர் ஊற்றும்போதே வளையல், மோதிரம், அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடுங்கள், வீங்கின பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். நனைந்த துணியைக் கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். மற்ற இடத்தைப் போர்த்தி வையுங்கள், சின்னக் குழந்தைக்குக் குளிர் ஏறிவிடும்.

மஞ்சள், பற்பசை, இட்லி மாவு, காப்பித்தூள், பேனா மை எதுவும் வேண்டாம். சூட்டை உள்ளே பிடித்து வைக்கும், சீழ் பிடிக்கும். அதோடு, காயம் எவ்வளவு ஆழம் என்று நிறத்தைப் பார்த்துத்தான் எங்களால் சொல்ல முடியும், நீல மை பூசி வந்தால் அதைச் சுரண்டி எடுக்கவே பிள்ளை இன்னொரு முறை துடிக்கும். சுத்தமான துவைத்த வேட்டித் துணியால் தளர்வாக மூடிக்கொண்டு வாருங்கள். குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்ட காயம், வெளுத்துப்போய் வலியே இல்லாத காயம் என்றால் பக்கத்து கிளினிக்கில் நேரம் கடத்தாமல் 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வருகிற வரை தண்ணீரை நிறுத்தாதீர்கள். ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

அரசு மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, இரண்டு நாள் வீட்டிலேயே களிம்பு போட்டுவிட்டு மூன்றாவது நாள் காய்ச்சலோடு வருகிறார்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதுவது எல்லாத் தீக்காயத்துக்கும் செய்கிற வழக்கமான நடைமுறை. எப்படி நடந்ததோ அப்படியே சொல்லுங்கள். சட்டி எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று நாங்கள் கேட்பது சிகிச்சைக்காக. மருமகள் கவனிக்கவில்லை, மாமியார் கவனிக்கவில்லை என்ற சண்டையை ஓபி வாசலில் ஆரம்பிக்காதீர்கள். அந்த அம்மா ஏற்கெனவே உடைந்துபோய் நிற்கிறாள், பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியவளும் அவள்தான்.

காயம் ஆறின பிறகும் வேலை முடிவதில்லை. உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் பட்ட ஆழமான காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரலை உள்ளே இழுக்கும், பிள்ளை வளர வளர அந்தத் தழும்பு கூடவே வளராது. விரல் மடங்காமல் இருக்க ராத்திரியில் கட்டச் சொல்கிற பட்டையை அழுகிறான் என்று கழற்றிவிடாதீர்கள், சொல்லிக் கொடுத்த விரல் பயிற்சியைத் தினமும் செய்யவையுங்கள், பொங்கல் வந்துவிட்டது, காயம் காய்ந்துவிட்டது என்று செக்கப்பை நிறுத்தாதீர்கள். அப்படியும் விரல் மடங்கிக்கொண்டே போனால் ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வரைக்கும் காத்திருக்காமல் அங்கே காட்டுங்கள்.