0-வும் 1-உம் கம்பியில் ஓடுவதில்லை

டிஜிட்டல் சிக்னல் எப்படி இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் படம் போடும்போது, கோட்டை மதிலின் பல்வரிசை போல ஒரு கோடு இழுப்பார்கள். மேலே நின்றால் 1, கீழே நின்றால் 0, இடையில் செங்குத்தான ஏற்ற இறக்கம். அதைப் பார்த்துப் பார்த்து, கம்பிக்குள் எண்களே வரிசையாக நகர்ந்து போகின்றன என்ற நினைப்பு நமக்குள் ஊறிவிடுகிறது. ஆனால் அப்படி ஒரு வடிவம் எந்தக் கம்பியிலும் முழுசாகப் போய்ச் சேர்வதில்லை. நீண்ட கம்பியின் மறுமுனையில் ஆஸிலோஸ்கோப்பை, அதாவது மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியை, வைத்துப் பாருங்கள்: முனை மழுங்கி, சாய்ந்து, நடுங்கிக்கொண்டிருக்கும் மேடு பள்ளங்கள்தான் தெரியும்.

செம்புக் கம்பியில் போவது மின்னழுத்தம். கண்ணாடி இழையில் போவது ஒளி. வெட்டவெளியில் போவது ரேடியோ அலை. மூன்றும் தொடர்ச்சியாக ஏறி இறங்கும் அளவுகள், அதாவது அனலாக். "இது 1, இது 0" என்பது பெறும் முனையில் ஒரு மின்சுற்று எடுக்கிற முடிவு. டிஜிட்டல் தன்மை அந்த முடிவில்தான் இருக்கிறது, வழியில் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால், தொலைத்தொடர்பில் குழப்பமாகத் தெரியும் பாதி விஷயங்கள் தாமாகவே தெளிந்துவிடும் என்பது என் அனுபவம்.

முடிவெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை உலகம் முதலில் கடலுக்கு அடியில்தான் கற்றுக்கொண்டது. 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக்கின் அடியில் 3,000 கிலோமீட்டருக்கும் நீளமான தந்திக் கம்பி போடப்பட்டது. விக்டோரியா மகாராணி அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்தில் 98 சொற்கள். அது போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் ஆனது.

மின்சாரம் மெதுவாகப் போனது என்பது காரணம் இல்லை. நடுவில் செம்பு, சுற்றிலும் காப்புப் பொருள், அதற்கு வெளியே கடல்நீர். இந்த அமைப்பு உண்மையில் ஒரு மாபெரும் மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் அமைப்பு. ஒரு துடிப்பைக் கொடுத்தால் அது முதலில் கம்பியை நிரப்ப வேண்டும், அப்புறம் வடிய வேண்டும். மறுமுனையில் துடிப்பு சோம்பலாக எழும்பி, அதைவிடச் சோம்பலாக அடங்கும். முந்தைய துடிப்பு வடிவதற்குள் அடுத்ததை அனுப்பினால் இரண்டும் கலந்து அடையாளம் தெரியாமல் போகும். கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் இந்தத் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அந்தக் கம்பி போடப்படும் முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்.

கம்பியைப் போட்ட கம்பெனியின் மின்பொறுப்பாளர் ஒயிட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. சிக்னல் தெளிவாக இல்லை என்றால் பலமாகத் தள்ளினால் போச்சு என்று சுமார் 2,000 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த காப்பு தாங்கவில்லை. சில வாரங்களில் கம்பி செத்துப்போனது. தாம்சனின் வழி நேர் எதிரானது: உரக்கக் கத்தாதே, உன்னிப்பாகக் கேள். நுண்ணிய காந்தம் ஒட்டிய ஒரு சின்னக் கண்ணாடியைத் தொங்கவிட்டு, அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்பொட்டு இடமா வலமா நகர்கிறது என்று பார்க்கும் கால்வனோமீட்டரை அவர் செய்தார். துடிப்பு முழுசாக எழும்பும் வரை காத்திருக்க வேண்டாம். எந்தப் பக்கம் சாயத் தொடங்குகிறது என்று தெரிந்தாலே போதும். 1866இல் போட்ட அடுத்த கம்பி நிமிடத்துக்குச் சுமார் 8 சொற்களைக் கடத்தியது.

துடிப்பு ஏன் இப்படிப் பரவுகிறது? கூர்மையான முனைகளை உருவாக்க உயர்ந்த அதிர்வெண்கள் தேவை. எந்த ஊடகமும் ஓரளவு அதிர்வெண் வரைக்கும்தான் நன்றாகக் கடத்தும். அந்த வரம்புதான் அலைப்பட்டை அகலம், பேச்சுவழக்கில் பேண்ட்வித். மேலே உள்ளவை வழியில் உதிர்ந்துபோனால் முனை மழுங்கி, துடிப்பின் வால் பக்கத்துத் துடிப்பின் இடத்துக்குள் நீண்டுவிடும்.

அதைத் தடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு 1920களில் அமெரிக்கப் பொறியாளர் ஹாரி நைக்விஸ்ட் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. வால் நீளட்டும், பரவாயில்லை. ஆனால் துடிப்பின் வடிவத்தைக் கவனமாகச் செதுக்கினால், பக்கத்துத் துடிப்பை நாம் அளக்கிற அந்தக் கணத்தில் மட்டும் இதன் வால் சரியாகச் சுழியைக் கடக்கும்படி செய்யலாம். மற்ற நேரமெல்லாம் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பார்க்கிற கணத்தில் மட்டும் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். இந்த முறையில், 1 ஹெர்ட்ஸ் பட்டை அகலத்துக்கு நொடிக்கு அதிகபட்சம் 2 துடிப்புகளை ஒன்றோடொன்று குழம்பாமல் அனுப்பலாம்.

அப்படியானால் எந்தக் கணத்தில் பார்ப்பது என்பது உயிர்நாடி. அனுப்புபவரின் கடிகாரமும் பெறுபவரின் கடிகாரமும் துளியளவு விலகினாலும், தொடர்ந்து ஆயிரம் 0 வந்தால் எண்ணிக்கை பிசகிவிடும். தனியாக ஒரு கடிகாரக் கம்பி இழுப்பது நீண்ட தூரத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தரவுக்குள்ளேயே தாளத்தைக் கலக்கிறார்கள். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் பழைய 10 மெகாபிட் ஈத்தர்நெட்டில் ஒவ்வொரு பிட்டின், அதாவது ஒவ்வொரு 0 அல்லது 1இன், நடுவிலும் மின்னழுத்தம் கட்டாயம் ஒருமுறை மாறும்: ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் இன்னொன்று. பெறும் சுற்று அந்த மாற்றங்களைக் கேட்டே தன் தாளத்தைச் சரிசெய்துகொள்ளும். வேகமான இன்றைய இணைப்புகளில், வரிசையை இரண்டு முனைக்கும் தெரிந்த ஒரு விதிப்படி கலைத்து அனுப்பி, நீண்ட 0 வரிசை மிக அரிதாகவே வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

சரி, சரியான கணத்தில் பார்த்தாயிற்று. அங்கே இருப்பது 0-ஆ 1-ஆ? இங்கேதான் இரைச்சல் குறுக்கே வருகிறது. எந்தக் கடத்தியிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் தறிகெட்டு அலைகின்றன. அந்த அலைச்சலே ஒரு மெல்லிய மின்னழுத்த நடுக்கம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான பெல்லின் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் அதை அளந்து 1928இல் வெளியிட்டார். அதே ஆண்டில் நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு எழுதினார். வெப்பம் இருக்கும் வரை இந்த இரைச்சலும் இருக்கும்.

0 வோல்ட்டுக்கும் 1 வோல்ட்டுக்கும் நடுவே, அரை வோல்ட்டில் ஒரு கோடு போட்டு, மேலே இருந்தால் 1 என்று வைத்துக்கொள்வோம். இரைச்சல் அந்தக் கோட்டைத் தாண்டித் தள்ளினால்தான் தவறு நேரும். கோட்டுக்கான தூரம் இரைச்சலின் வழக்கமான வீச்சைப்போல் 3 மடங்காக இருந்தால், சுமார் 740 பிட்டுக்கு ஒன்று பிசகும். அந்தத் தூரத்தை 6 மடங்காக்கினால்? ஏறக்குறைய 100 கோடி பிட்டுக்கு ஒன்றுதான் பிசகும். சிக்னலை இரண்டு மடங்கு உயர்த்தியதற்குக் கிடைத்த பலன் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். டிஜிட்டல் தொலைக்காட்சிப் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்காமல், நன்றாக இருந்தபடியே சட்டென்று கட்டங்கட்டமாக உடைவதும் இந்தச் செங்குத்தான சரிவால்தான்.

அனலாக் முறையில் வழிநெடுக பெருக்கிகள் வைத்தால் குரலோடு இரைச்சலும் பெருகும். ஒவ்வொரு பெருக்கியும் தன் பங்கையும் சேர்க்கும். டிஜிட்டல் முறையில் வழியிலேயே ஒரு ரிப்பீட்டர் முடிவெடுத்துவிடும்: இது 1 என்று தீர்மானித்து, புத்தம் புதிய 1 ஒன்றை மறுபடி அனுப்பும். அதுவரை சேர்ந்த அழுக்கெல்லாம் அங்கேயே கழுவப்படுகிறது. பெல் நிறுவனம் 1962இல் தொடங்கிய டி1 முறையில் 24 தொலைபேசிக் குரல்கள் நொடிக்கு 15,44,000 பிட்டுகளாகச் செம்புக் கம்பியில் போயின, ஏறக்குறைய 1.8 கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர் இப்படிக் கழுவித் துடைத்துக்கொண்டே இருந்தது.

ரேடியோவில் வெறும் மின்னழுத்தத் துடிப்பை வீச முடியாது. ஊர்தி அலை ஒன்றை எடுத்து, அதன் மேல் தகவலை ஏற்ற வேண்டும். பண்பேற்றம் என்பது இதுதான். அலையின் வீச்சை மாற்றலாம், அதிர்வெண்ணை மாற்றலாம், அல்லது கட்டத்தை, அதாவது சுழற்சியில் அலை எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதை மாற்றலாம். வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து மாற்றினால் ஒவ்வொரு அலைத்துண்டும் தாளில் வைத்த ஒரு புள்ளி போல ஆகிவிடும்: மையத்திலிருந்து தூரம் வீச்சு, திசை கட்டம். 16 புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஒரே துண்டில் 4 பிட் போகும். 256 புள்ளிகள் என்றால் 8 பிட். வைஃபை 7 வரை வந்தபோது 4,096 புள்ளிகள், 12 பிட்.

புள்ளிகள் நெருங்க நெருங்க, இரைச்சலால் கொஞ்சம் நகர்ந்த புள்ளியைப் பக்கத்துப் புள்ளி என்று தவறாக எண்ணும் வாய்ப்பு கூடும். ரூட்டரை விட்டு நாம் விலகி நடக்கும்போது, வைஃபை சத்தமில்லாமல் 1,024இலிருந்து 256க்கும், 64க்கும், 16க்கும் இறங்குகிறது. இணைப்பு அறுந்துவிடாமல் வேகம் மட்டும் குறைகிறதே, அது இதனால்தான்.

வானலையில் எதிரொலியும் உண்டு. ஒரே அலை சுவரில் பட்டும் தரையில் பட்டும் வெவ்வேறு நேரங்களில் வந்து சேரும். அட்லாண்டிக் கம்பியின் வால் பிரச்சினைதான், வேறு வேடத்தில். வைஃபையின் ஒரு தீர்வு, ஓட்டத்தைப் பல மெல்லிய அலைகளாகப் பிரிப்பது. 802.11ஏ என்ற பழைய வைஃபை தரத்தில் 52 துணை அலைகள். ஒவ்வொரு துண்டும் 4 மைக்ரோநொடி, அதில் முதல் 0.8 மைக்ரோநொடி எதிரொலி அடங்குவதற்கென்றே ஒதுக்கிய இடைவெளி. மெதுவாகப் பேசுகிற 52 பேர் சேர்ந்து வேகமாகப் பேசி முடிக்கிறார்கள். மெதுவான பேச்சில் எதிரொலி ஒரு பொருட்டே இல்லை.

எவ்வளவு வேகம்தான் சாத்தியம் என்ற கேள்விக்கு 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் முடிவான பதில் கொடுத்தார். சிக்னல் திறனை இரைச்சல் திறனால் வகுத்து, அதோடு 1 கூட்டி, 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையை எடுத்து, அலைப்பட்டை அகலத்தால் பெருக்கினால் அந்தத் தடத்தின் கொள்ளளவு கிடைக்கும். பழைய தொலைபேசி இணைப்பில் கடந்து போவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ், அதாவது 3,100 ஹெர்ட்ஸ். சிக்னல் இரைச்சலைப்போல் 1,000 மடங்கு என்று வைத்துக்கொண்டால், நொடிக்குச் சுமார் 31,000 பிட். தொலைபேசிக் கம்பி வழியே கணினிகளை இணைத்த மோடம்கள் 33,600 பிட் வரை வந்து திணறியது இந்தச் சுவரில் முட்டித்தான். நல்ல இணைப்பில் இரைச்சல் இன்னும் சற்றுக் குறைவாக இருக்கும், அவ்வளவே. இணைப்பு கிடைக்கும் முன் அந்த மோடம்கள் எழுப்பிய கீச்சொலியும் கரகரப்பும் நினைவிருக்கிறதா? இரண்டு மோடம்களும் தெரிந்த ஒலிகளை அனுப்பி, இந்தக் கம்பி எந்த அதிர்வெண்ணை எப்படிச் சிதைக்கிறது என்று அளந்துகொண்டிருந்த சத்தம் அதில் இருந்தது. அளந்த பிறகு அந்தச் சிதைவுக்கு எதிரான வடிகட்டியைப் பெறும் மோடம் தனக்குள் அமைத்துக்கொள்ளும்.

ஷானன் சொன்ன இன்னொன்றை அன்றைக்குப் பலரால் நம்ப முடியவில்லை. கொள்ளளவுக்குள் இருக்கும் வரை, இரைச்சலுள்ள தடத்தில்கூடப் பிழையை விரும்பிய அளவுக்குக் குறைக்கலாம். எப்படிச் செய்வது என்று அவர் காட்டவில்லை. முடியும் என்று மட்டும் நிறுவினார்.

வழியை முதலில் காட்டியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஹாமிங், 1950இல். அவருடைய முறையை விரல் விட்டே செய்து பார்க்கலாம். ஏழு இடங்கள். 3, 5, 6, 7ஆம் இடங்களில் தகவல். 1, 2, 4இல் சோதனை பிட். முதல் சோதனை 1, 3, 5, 7ஐக் கூட்டிப் பார்க்கும். இரண்டாவது 2, 3, 6, 7ஐ. மூன்றாவது 4, 5, 6, 7ஐ. ஒவ்வொரு கூட்டலிலும் விடை இரட்டைப்படையாக வரும்படி சோதனை பிட்டுகளை நிரப்பி அனுப்ப வேண்டும். மறுமுனையில் முதலாவதும் மூன்றாவதும் ஒற்றைப்படையாக வந்தால், 1 கூட்டல் 4, ஐந்தாம் இடத்தில் தவறு. அந்த பிட்டைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். மூன்று சோதனைகளுக்கு எட்டு விடைகள்: ஏழு இடங்களுக்கு ஏழு, பிழை இல்லை என்பதற்கு ஒன்று. ஒரு விடைகூட வீணாகவில்லை பாருங்கள்!

1993இல் குளோட் பெர்ரூவும் அலான் கிளாவியூவும் கொண்டுவந்த டர்போ குறிமுறைகள் என்ற பிழைதிருத்தும் முறைகள் ஷானனின் எல்லையை மிக நெருங்கின. அவற்றின் சூட்சுமங்களில் ஒன்று, முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுவது. பெறும் சுற்று உடனே "இது 1" என்று அடித்துச் சொல்லாமல், "எண்பது சதவீதம் 1 போலிருக்கிறது" என்று தன் சந்தேகத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. இரண்டு பிழைதிருத்திகள் ஒன்றின் சந்தேகத்தை மற்றொன்றுக்குக் காட்டி, சுற்றுக்குச் சுற்று உறுதியைக் கூட்டிக்கொண்டு போகின்றன. முடிவு கடைசியில்தான். 5ஜி அலைபேசியில் தரவைக் காக்கும் குறிமுறையின் வேர் ராபர்ட் கல்லாகரின் 1960களின் தொடக்க ஆய்வில் இருக்கிறது. அதைத் திருத்தும் முறையும் இப்படிச் சந்தேகங்களைப் பகிர்ந்துகொள்வதுதான்.

பிட் ஒன்றுக்கு வழியில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நொடிக்கு 10,000 கோடி துண்டுகள் அனுப்பினால் ஒவ்வொரு துண்டின் நீளம் 2 மில்லிமீட்டர். மறுகோடியில் வாயேஜர் 1 விண்கலம் இருக்கிறது: சுமார் 23 வாட் திறன், நொடிக்கு 160 பிட், 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே ஒரு பிட் விண்வெளியில் 1,875 கிலோமீட்டர் நீளத்துக்குப் படர்ந்திருக்கிறது. பூமிக்கு வர 22 மணி நேரத்துக்கு மேல் ஆவதால், அது அனுப்பிக்கொண்டிருக்கும் எந்த நேரத்திலும் 1 கோடியே 28 லட்சத்துக்கும் மேற்பட்ட பிட்டுகள் வழியில் இருக்கும். அவற்றில் எது 0, எது 1 என்று தரையில் உள்ள பெருந்தட்டு ஆன்டெனாவும் பிழைதிருத்தியும் இனிமேல்தான் தீர்மானிக்க வேண்டும்.