"ஜெபம் பண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், வக்கீலம்மா"

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, அஸ்தம்பட்டி கோர்ட் வாசலுக்கு வந்து, என் ஜூனியரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அந்தப் பெரியவர் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். மூன்று ஏக்கரில் காபி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. கடன் என்று யார் வாசலிலும் நின்றதில்லை. கையில் ஒரு நோட்டீஸ். எட்டு லட்சம் அசல், அதற்கு மேல் வட்டி.

கடன் வாங்கியவர் இவரோடு ஒரே சபையில் பாடகர் குழுவில் இருந்தவர். டூரிஸ்ட் வேன் எடுத்தார், ஒரு வருடம் தவணை கட்டினார், பிறகு வேனும் இல்லை, ஆளும் இல்லை. ஜாமீன் கையெழுத்து நம் பெரியவருடையது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என்னிடம் வரும் கதைகளில் பல ஒன்றுபோலவே இருப்பதால், தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று நாலு பேராவது நினைக்கலாம்.)

"என்னன்னு ஜெபம் பண்ணீங்க, ஐயா?" என்று கேட்டேன்.

"ஞானத்தைக் கொடும் ஆண்டவரேன்னுதான். அப்புறம் வேதத்துக்குள்ள வச்சிருந்த புதுவருஷ வாக்குத்தத்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதுலயே பதில் இருந்துச்சு."

அந்த வசன அட்டையையும் கொண்டுவந்திருந்தார். உபாகமம் 28:12. "நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன்கொடுப்பாய், நீயோ கடன் வாங்காதிருப்பாய்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மாவும் அப்படித்தான். முடிவெடுக்க வேண்டிய நாளில் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைப்பார். ஒருமுறை விரல் வம்ச அட்டவணையில் விழுந்தது. பேசாமல் மூடிவிட்டு மறுபடி திறந்தார். பிடித்த பதில் வரும்வரை திறந்துகொண்டிருந்தால் அதற்குப் பெயர் கேட்பது இல்லை என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பெரியவர் கேட்ட விஷயத்துக்கு வேதத்தில் நேரடியான பதிலே உண்டு. நீதிமொழிகளில் பிணைப்படுவதை, அதாவது ஜாமீன் நிற்பதைப் பற்றி ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில் இருக்கிறது. "அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான்" என்கிறது 11:15. சிநேகிதனுக்காகக் கையடித்துக்கொடுத்துப் பிணைப்படுகிறவனை 17:18 "புத்தியீனன்" என்றே சொல்லிவிடுகிறது. கையடித்துக்கொடுப்பதுதான் அந்தக் காலத்துக் கையெழுத்து. இந்த வசனங்களை வாக்குத்தத்த அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. அட்டையில் கொம்பு உயரும், களஞ்சியம் நிரம்பும்.

சட்டம் சொல்வதும் நீதிமொழிகளுக்கு அதிக தூரத்தில் இல்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. "முதலில் அவனைப் பிடியுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று கடன் கொடுத்தவரிடம் சொல்ல முடியாது. இதை உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடன்காரர் தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையிலும் அது ஏறும். நாளைக்கு மகள் படிப்புக்குக் கடன் கேட்கும்போது தெரியவரும். "சும்மா சாட்சிக் கையெழுத்து மாதிரிதான் அண்ணே" என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுப்பார்கள். சாட்சி வேறு, ஜாமீன் வேறு. தாளில் எந்த இடத்தில் கையெழுத்து கேட்கிறார்கள், அதற்கு மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலம் தெரியாதென்றால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒரு நாள் தாமதமானால் யாரும் செத்துப்போவதில்லை.

வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது இன்னும் மோசம். தொகையை நான் எழுதவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும், அது கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்ற சட்டத்தின் அனுமானம் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மறுத்து நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில். காசோலை பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138இல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

சட்டத்தைவிட எனக்குக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. "பேப்பரைக் கேட்டா சந்தேகப்படுற மாதிரி ஆயிடுமே" என்பார்கள் நம் ஆட்கள். ஆதாரமாக யாக்கோபையும் காட்டுவார்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று 1:5இல் சொன்ன கையோடு, அடுத்த வசனத்தில் சந்தேகப்படாமல் கேட்கச் சொல்கிறார் அல்லவா? ஆனால் அங்கே சந்தேகப்படக்கூடாது என்பது கொடுக்கிற தேவனை. பக்கத்து பெஞ்ச் சகோதரரின் வேன் கணக்கை இல்லை.

சாலொமோன் கிபியோனில் கேட்டது ஞானமுள்ள இருதயம். எபிரெய மூலத்தில் அது "கேட்கும் இருதயம்" என்ற பொருளில் இருக்கிறது. கிடைத்தபின் அவன் தீர்த்ததாக வேதம் முதலில் சொல்லும் வழக்கு? ஒரு குழந்தைக்காக வந்து நின்ற இரண்டு பெண்களை விசாரித்தது. அதே கிபியோன் ஊர்க்காரர்கள்தான் அதற்கு வெகுகாலம் முன்பு, பழைய செருப்பும் பூசணம் பூத்த அப்பமுமாக வந்து யோசுவாவை ஏமாற்றியவர்கள். இஸ்ரவேலர் அப்பத்தைச் சோதித்தார்கள், கர்த்தரைக் கேட்கவில்லை. நம் பெரியவர் கர்த்தரைக் கேட்டார், அப்பத்தைச் சோதிக்கவில்லை. நான் பார்த்தவரை இரண்டும் ஒரே கோர்ட்டில்தான் கொண்டுவந்து விடுகின்றன.

"வீட்டுல அம்மா என்ன சொன்னாங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வேண்டாம்னுதான் சொன்னா. அந்த ஆளு மளிகைக் கடையிலயே பாக்கி வச்சிருக்கான்னா. அவளுக்கு விசுவாசம் குறைச்சல்னு நினைச்சேன்."

அவர் ஜெபத்துக்கு வந்த பதில் அடுப்படியில் நின்றிருக்கிறது.

அப்படியானால் கிறிஸ்தவர் யாருக்குமே ஜாமீன் நிற்கக்கூடாதா என்று பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. யூதா தன் தம்பி பென்யமீனுக்காகப் பிணைப்பட்டான். பவுல் அடிமையான ஒநேசிமுவுக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதும்போது "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்றார், "நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று சொந்தக் கையால் எழுதியும் கொடுத்தார். பவுல் கடன்காரன் கட்டிவிடுவான் என்று நம்பிக் கையெழுத்துப் போடவில்லை; தானே கட்டுவதற்காகப் போட்டார். ஆகவே நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தத் தொகை முழுவதும் நாளைக்கே உங்கள் கையிலிருந்து போனாலும் பிள்ளைகளின் சோறும் படிப்பும் நிற்காதா? நிற்காது என்றால் போடுங்கள். இல்லையென்றால், முடிந்ததைத் திரும்பக் கேட்காத உதவியாகக் கொடுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு நீதிமொழிகள் 6 சொல்வது, கண்ணுக்கு நித்திரை வரவிடாமல் போய் உன்னைத் தப்புவித்துக்கொள் என்று. ஓவர்டிராஃப்ட் போலத் தொடர்ந்து எடுக்கும் கடனுக்குப் போட்ட ஜாமீன் என்றால், இனி எடுக்கப்போகும் தொகைக்கு நான் பொறுப்பில்லை என்று கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 130 இடம் தருகிறது. மொத்தமாகக் கொடுத்து முடிந்த கடனில் அது செல்லாது. உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனைகளை மாற்றியிருந்தால், மாற்றத்துக்குப் பிந்தைய பொறுப்பிலிருந்து விடுபட அதே சட்டத்தின் பிரிவு 133 உண்டு. ஆனால் பல படிவங்களில் அந்த உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கியிருப்பார்கள், அதனால் படிவத்தோடு வாருங்கள். நீங்களே கட்டிவிட்டால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். கட்டிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் கடன்காரர்மேல் வழக்குப் போடலாம்.

பெரியவரின் வழக்கைப் பேசித் தவணையாக்கினோம். ஒவ்வொரு மிளகு அறுவடையிலும் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அந்த ஆள் அகப்படவில்லை.

போன வருடம் சேலம் பனங்காடு பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தார். வீட்டிலேயே நாலு பேரை வைத்துக் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை. சபையில் ஒரு தம்பி ஜாமீன் கேட்டிருக்கிறான். "ஜெபம் பண்ணிட்டு ஒரு வாரத்துல சொல்றேன்" என்றாராம். நம் வீடுகளில் அது நாசூக்கான மறுப்பு. இவர் நிஜமாகவே அந்த வாரம் காலையில் ஜெபித்தார், பகலில் விசாரித்தார். பழைய கடன் எத்தனை, ஸ்டேட்மென்ட் உண்டா, வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார். தம்பி ஸ்டேட்மென்ட் காட்டவில்லை. "விசுவாசிங்களுக்குள்ள எதுக்கு அக்கா பேப்பர்" என்றான். இவர் பதினைந்தாயிரம் ரூபாயைக் கவரில் போட்டு, திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். செய்தது சரிதானா என்று கேட்கத்தான் என்னிடம் வந்திருந்தார்.

சரி என்றேன். கன்சல்டேஷன் ஃபீஸ் வாங்கவில்லை.

"இப்ப அவன் என்கிட்டப் பேசறதில்லைங்க. ஞாயித்துக்கிழமை நான் உட்கார்ற பக்கமே வரமாட்டேங்கறான். அதுக்கும் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.